மரினோத் திராட்சை விழா: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விழைவோர் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் அரசாங்க ஆவணங்களையும் தேடிச் செல்வர். அவை இன்றியமையாத சான்றுகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், மக்கள் ஆண்டுதோறும் ஒன்றுகூடி எடுக்கும் விழாக்களும் வரலாற்றுச் சான்றுகளே என்பது பலரால் நினைக்கப்படுவதில்லை. விழா ஒன்றில் பல காலத்து நிகழ்ச்சிகள் அடுக்கடுக்காய்ப் படிந்து கிடக்கும். அவற்றைப் பிரித்தறிந்து, எது முந்தியது, எது பிந்தியது, எது எவரால் எதற்காகச் சேர்க்கப்பட்டது என்று ஆராய்வோர்க்கு அவ்விழா ஒரு நூலாகவே பயன்படும். இவ்வுண்மைக்கு எடுத்துக்காட்டாக விளங்குவது இத்தாலி நாட்டு மரினோ என்னும் சிற்றூரில் நடைபெறும் திராட்சை விழா.

மரினோ, உரோம் நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், அல்பான் குன்றுகளின் மேல் அமைந்துள்ளது. அக்டோபர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி உரோமிலிருந்து புகைவண்டி ஏறி அவ்வூருக்குச் செல்லும் பயணி காணும் காட்சி விந்தையானது. தெருக்களிலும் மாடங்களிலும் திராட்சைக் குலைகள் தொங்குகின்றன. பதினாறாம் நூற்றாண்டு உடையணிந்த ஆடவரும் மகளிரும் முரசொலியுடன் ஊர்வலமாக வருகின்றனர். மாதாவின் திருவுருவத்திற்கு வழிபாடு நிகழ்கிறது. பின்னர், ஊர் நடுவே உள்ள கல்லாலாகிய நீரூற்றில் நீர் நின்று, திராட்சை மது பெருகுகிறது. கூடியிருப்போர் கையில் உள்ள குவளைகளில் அதனை ஏந்தி அருந்துகின்றனர்.

மது அருந்துதலின் நன்மை தீமைகளை ஆராய்வது ஈண்டு நோக்கமன்று. ஓர் ஊர் தன் நிலத்தில் விளையும் பொருளையும் தன் பெயரையும் எவ்வாறு இணைத்துக் காத்தது, எங்கே காக்கத் தவறியது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. இவ்விழாவைக் காண்போர், இது உரோமானியர் தம் மதுத் தெய்வமாகிய பாக்கசுக்கு எடுத்த விழாவின் எச்சமாக இருக்கலாம் என்று எண்ணுவர். உண்மை அதுவன்று. மரினோத் திராட்சை விழா தொடங்கிய ஆண்டு 1925. கொடி பழையது, போர் இடைக்காலத்தை அடுத்தது, விழாவோ அண்மைக்காலத்தது. இம்மூன்றும் ஒன்றான கதை அறியத்தக்கதாகும்.

எரிமலை மண்ணும் பழங்கால மதுவும்

அல்பான் குன்றுகள் பண்டைக்காலத்தில் எரிமலையாக இருந்தவை. எரிமலை அவிந்தபின் அதன் வாய்களில் நீர் நிறைந்து அல்பானோ, நேமி ஆகிய ஏரிகள் உண்டாயின. எரிமலைச் சாம்பல் இறுகியமையால் உண்டான மண், நீரை எளிதில் வடியவிடும் இயல்பும் கனிமச் செறிவும் உடையது. அவ்விடத்துக் கல் கருஞ்சாம்பல் நிறமானது, குடைவதற்கு எளியது. ஆதலின் மரினோ மக்கள் தம் இல்லங்களின் அடியிலேயே பாறையைக் குடைந்து நிலவறைகள் அமைத்துக்கொண்டனர். கோடையிலும் குளிர்ச்சி குன்றாத அவ்வறைகளில் மரப் பீப்பாய்களில் மதுவைச் சேமித்தனர். மண்ணும் கல்லும் ஒருங்கே துணை நின்றமையால் திராட்சை வேளாண்மை அங்கு வேரூன்றியது.

கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த மூத்த பிளினி, தம் 'இயற்கை வரலாறு' என்னும் பெருநூலின் பதினான்காம் பகுதியில் திராட்சைக் கொடிகளையும் மது வகைகளையும் தரம் பிரித்துக் கூறுகிறார். சிக்கூபு மதுவுக்கும் ஃபலேர்னிய மதுவுக்கும் அடுத்த மூன்றாம் தரத்தில் அவர் வைத்தவற்றுள் உரோம் நகரை அடுத்த அல்பான் மதுவும் ஒன்றாகும். மது அது விளைந்த இடத்தின் பெயரால் அழைக்கப்பட்டதும், அவ்விடப் பெயரே அதன் தரத்தைக் குறித்ததும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நிலவிய வழக்கம் என்பது இதனால் தெளியப்படும்.

இத்தாலிய மதுவின் பெயர் கடல் கடந்தும் பரவியிருந்தது. கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய 'எரித்திரையக் கடற்பயண நூல்', மேலைக்கடற்கரைத் துறைமுகமாகிய பரிகாசாவில் இறக்குமதியாகும் பொருள்களைக் குறிப்பிடுகையில், மதுவுள் இத்தாலிய மதுவே விரும்பப்பட்டது என்கிறது. முசிறியிலும் மது இறக்குமதியாயிற்று, ஆயின் மிகுதியாக அன்று, என்பதும் அந்நூல் தரும் செய்தி. யவனர் நற்கலங்களிற் கொணர்ந்த நறுந்தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்தியதை நக்கீரர் புறநானூற்று ஐம்பத்தாறாம் பாடலில் குறிப்பிடுவதைத் தமிழ் மாணவர் அறிவர். 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்தியபோது கிடைத்த ஆம்போரா என்னும் இருகைச் சாடிகளின் உடைசல்கள் அப்புலவர் வாக்குக்கு மண்ணே தந்த சான்றாக அமைந்தன. அச்சாடிகளுட் சில இத்தாலியக் கடற்கரைப் பகுதிகளில் வனையப்பட்டவை.

மரினோவின் நிலவறைகள் மதுவை மட்டுமன்றி வரலாற்றையும் காத்துவந்துள்ளன. 1960களின் தொடக்கத்தில் அவ்வூரில் ஒரு மதுக்கிடங்கை விரிவாக்க மண்ணைத் தோண்டியபோது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த மித்ரா தெய்வத்தின் வழிபாட்டறை ஒன்று வெளிப்பட்டது. மித்ரா எருதைப் பலியிடும் வண்ண ஓவியம் ஏறத்தாழப் பதினெட்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் அச்சுவரில் மங்காது நின்றது.

லெப்பாந்தோப் போரும் நான்கு அடிமைகளும்

விழா ஏன் அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி வருகிறது என்னும் வினாவுக்கு விடை, திராட்சைத் தோட்டத்தில் அன்று, கடற்போரில் உள்ளது. 1571ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள், கிரேக்க நாட்டுக் கடற்கரையை அடுத்த லெப்பாந்தோவில் உதுமானியத் துருக்கியரின் கடற்படைக்கும், போப்பாண்டவர் ஐந்தாம் பயஸ் திரட்டிய கிறித்துவக் கூட்டணிப் படைக்கும் பெரும்போர் நிகழ்ந்தது. ஸ்பெயின், வெனிஸ் முதலிய அரசுகள் கூட்டணியில் இருந்தன. 'ஆஸ்திரியாவின் டான் ஜுவான்' எனப்பட்டவர் படைத்தலைமை பூண்டார். போப்பாண்டவரின் கப்பல்களுக்குத் தலைமை தாங்கியவர் மார்க்கன்தோனியோ கொலோன்னா. அவரே மரினோவின் ஆட்சித் தலைவர். மரினோ வீரரும் அவருடன் சென்றனர்.

கூட்டணிப் படை வெற்றி பெற்றது. அவ்வெற்றியை மாதாவின் அருளாகக் கருதிய திருச்சபை, அதற்கென நன்றித் திருநாள் ஒன்றை ஏற்படுத்தியது. 1573ஆம் ஆண்டு பதின்மூன்றாம் கிரகோரியார் அதனைச் செபமாலை மாதாவின் திருநாளாக அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு வகுத்தார். மரினோ மக்களுக்கோ அது தம் தலைவனின் வெற்றித் திருநாளுமாயிற்று. இன்று விழாவில் காணப்படும் ஊர்வலம் கொலோன்னா வெற்றியுடன் ஊர் திரும்பிய காட்சியை நடித்துக் காட்டுவதேயாகும்.

மது பெருகும் நீரூற்றும் அப்போரின் நினைவுச் சின்னமே. பதினேழாம் நூற்றாண்டில், மரினோக் குன்றின் கல்லைக் கொண்டே அது சமைக்கப்பட்டது. நடுவே ஒரு தூண் நிற்கிறது. கொலோன்னா என்னும் சொல்லுக்குத் தூண் என்பதே பொருள். அதுவே அக்குடியின் சின்னமும் ஆகும். அத்தூணில் கைகள் பிணிக்கப்பட்ட நான்கு மூர் இனத்தவர் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஆதலின் 'நான்கு மூர்களின் ஊற்று' என்பது அதன் பெயராயிற்று.

வரலாற்று மாணவர் இவ்விடத்துச் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும். வென்றவன் எழுப்பிய சின்னத்தில் தோற்றவனின் துயரமும் கல்லாய் நிற்கிறது. அக்காலத்துப் போர்க்கப்பல்களில் துடுப்பு வலித்தோர் பெரும்பாலும் அடிமைகளும் கைதிகளுமே. இருதரப்பிலும் அக்கொடுமை இருந்தது. லெப்பாந்தோவில் உதுமானியக் கப்பல்களிலிருந்து பல்லாயிரம் கிறித்துவ அடிமைகள் விடுதலை பெற்றனர். பிடிபட்ட துருக்கியரும் பிறரும் புதிய அடிமைகளாயினர். மகிழ்ச்சி ததும்பும் விழாவின் நடுவே விலங்கு பூட்டிய உருவங்களும் உள்ளன என்பதை மறைத்துவிட்டு விழாவின் வரலாற்றைக் கூறுதல் பாதி உண்மையே ஆகும்.

1925ஆம் ஆண்டின் தொடக்கம்

போர் முடிந்து மூன்றரை நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே திராட்சை விழா பிறந்தது. அதனைத் தோற்றுவித்தவர் உரோம் வட்டார வழக்கில் கவிதை புனைந்த லியோனே சிப்ரெல்லி. ஏற்கெனவே நடைபெற்றுவந்த செபமாலை மாதாத் திருநாளையும், லெப்பாந்தோ நினைவையும், திராட்சை அறுவடை முடியும் பருவத்தையும் ஒருங்கிணைத்து ஒரே விழாவாக்கியது அவரது எண்ணம். ஊற்றில் மதுவைப் பெருக்கும் வழக்கமும் அவ்விழாவின் சிறப்பாக நிலைபெற்றது.

அவ்வெண்ணம் நிறைவேறியதற்குக் காரணங்கள் சில உள. முதலாவது, உரோம் மக்களின் பழைய பழக்கம். அக்டோபர் மாதத்தில் நகரத்தை விட்டுத் திராட்சைத் தோட்டங்களுக்கு உல்லாசப் பயணம் சென்று ஆடிப் பாடி மகிழ்வது அவர்தம் மரபு. இரண்டாவது, போக்குவரத்து வளர்ச்சி. போப்பாண்டவரின் ஆட்சிப் பகுதியில் முதன்முதல் இடப்பட்ட இருப்புப்பாதை, உரோமிலிருந்து இக்குன்றுகளின் அடிவாரத்து ஃபிராஸ்காத்திக்குச் செல்லும் பாதையாகும். அது 1856ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 1880களில் மற்றொரு பாதை மரினோ வழியே அல்பானோ வரை நீண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சார டிராம் வண்டிகளும் குன்றுகளுக்கு ஏறின. ஒரு நாள் பொழுதில் சென்று திரும்பும் பயணம் தொழிலாளர்க்கும் எளிதாயிற்று. விழா தொடங்கிய மறு ஆண்டே, 1926இல், ஃபிராங்கோ சில்வெஸ்திரி இயற்றிய 'நன்னீ' என்னும் பாடல் இக்குன்றுப் பயணத்தையும் மரினோ விழாவையும் உரோம் மக்களின் நாவில் நிலைநிறுத்தியது.

மூன்றாவது காரணம் பொருளியல் சார்ந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த ஃபில்லோக்செரா என்னும் சிறு பூச்சி ஐரோப்பியத் திராட்சைக் கொடிகளின் வேரை அரித்து அழித்தது. இத்தாலியில் அது 1879ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்கக் கொடியின் வேர்மீது ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவது ஒன்றே மாற்றுவழியாயிற்று. தோட்டங்களைப் புதிதாக நடும்போது, மிகுதியாகக் காய்க்கும் வகைகளையே உழவர் பலர் தேர்ந்தனர். விளைச்சல் பெருகியது, விலை வீழ்ந்தது. விளைந்ததை விற்பதற்குச் சந்தையும் விளம்பரமும் தேவைப்பட்டன. விழா அத்தேவையையும் நிறைவு செய்தது.

இதனைக் கண்ட முசோலினியின் பாசிச அரசு, 1930ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் நாடு முழுவதும் 'தேசியத் திராட்சை விழா' எடுக்கச் செய்தது. மிகுந்துவிட்ட விளைச்சலைப் பழமாகவே மக்களை உண்ணச் செய்வது அதன் வெளிப்படையான நோக்கம். உழவரைப் போற்றுவதாகக் காட்டி மக்களைத் தன் கொடியின்கீழ்த் திரட்டுவது உள்நோக்கம். அரசு வகுத்த விழா அவ்வாட்சியோடு மறைந்தது. ஊர் தன் நினைவினின்று கட்டிய மரினோ விழாவோ நிலைத்து, 2025ஆம் ஆண்டில் தான் தோன்றிய நூறாம் ஆண்டை எய்தியது.

போரும் வீழ்ச்சியும்

இரண்டாம் உலகப் போரின் கொடுமையினின்றும் மரினோ தப்பவில்லை. 1944ஆம் ஆண்டு சனவரியில் நேசநாட்டுப் படைகள் அன்சியோக் கடற்கரையில் இறங்கின. அக்கடற்கரைக்கும் உரோமுக்கும் இடையில் அல்பான் குன்றுகள் நின்றன. பிப்ரவரி 2ஆம் நாள் மரினோவின்மீது குண்டுமாரி பொழிந்தது. ஊரின் பெரும்பகுதி இடிந்தது. மக்கள் பலர் மாண்டனர். நான்கு மூர்களின் ஊற்றும் சிதைந்து, போருக்குப்பின் சீரமைக்கப்பட்டது.

போர் அழித்ததை மக்கள் மீண்டும் கட்டினர். அதனினும் மெதுவாக வந்த மற்றொரு வீழ்ச்சியை அவர்கள் உடனே உணரவில்லை. போருக்குப்பின் உரோம் நகரம் விரைந்து வளர்ந்தது. நகரத்து உணவகங்களுக்குக் குன்றுகளின் வெண்மது மலிவாகவும் மிகுதியாகவும் தேவைப்பட்டது. 'குன்றுகளின் மது' என்ற பெயரில் எம்மதுவையும் விற்கலாம் என்னும் நிலை வந்தது. விளைச்சல் குறைவாயினும் மணம் மிக்க மால்வாசியா புந்தினாத்தா என்னும் உள்ளூர்க் கொடிக்கு மாற்றாக, எளிதிற் காய்த்துக் குலுங்கும் மால்வாசியா தி காந்தியாவும் திரெப்பியானோவும் பல தோட்டங்களில் இடம்பெற்றன. தோட்டங்களே குறைந்தும் வந்தன. வானூர்தி நிலையம் அமைந்துள்ள சியாம்பினோ ஒருகாலத்தில் மரினோவின் ஒரு பகுதியே. அது 1974ஆம் ஆண்டு தனி நகராட்சியாகப் பிரிந்தது. கொடி படர்ந்த நிலத்தில் வீடுகள் எழுந்தன.

பெயரைக் காக்கும் சட்டம்

ஊர்ப்பெயரைச் சட்டத்தால் காக்கும் முயற்சி இத்தாலியில் புதிதன்று. தஸ்கனி நாட்டுப் பெருங்கோமான் மூன்றாம் கோசிமோ, 1716ஆம் ஆண்டிலேயே கியாந்தி உள்ளிட்ட நான்கு பகுதிகளின் எல்லைகளை ஆணையால் வரையறுத்தார். அவ்வெல்லைக்குள் விளைந்ததே அப்பெயரைத் தாங்கலாம் என்பது அதன் கருத்து. இருநூற்று நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1963ஆம் ஆண்டு சூலை 12ஆம் நாள், இத்தாலியக் குடியரசு நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் ஒன்றை இயற்றியது. ஒரு மது குறிப்பிட்ட ஊரின் பெயரைத் தாங்க வேண்டுமாயின், அது எந்நிலத்தில் விளைய வேண்டும், எக்கொடியின் பழத்தால் ஆக வேண்டும், ஒரு ஹெக்டர் நிலத்தில் எவ்வளவு விளைச்சலே ஏற்கத்தக்கது என்பனவற்றை அச்சட்டத்தின்படி வகுத்தனர். 1966இல் ஃபிராஸ்காத்தியும் 1970இல் மரினோவும் அத்தகுதியைப் பெற்றன.

எனினும், சட்டம் மட்டும் நேர்மையைத் தந்துவிடுவதில்லை. 1986ஆம் ஆண்டு வட இத்தாலியில், மலிவு மதுவில் மெத்தனால் என்னும் நஞ்சு கலக்கப்பட்டமையால் சுமார் இருபது பேர் மாண்டனர். சிலர் பார்வையை இழந்தனர். அக்குற்றத்தில் தொடர்பே இல்லாத உழவர்களின் மதுவும் உலகச் சந்தையில் விலைபோகாது தேங்கியது. சிலரது பேராசையால் நாடே தன் நற்பெயரை இழந்து நின்றது.

அவ்விழிவிலிருந்து மீண்ட வழி கருதத்தக்கது. 1987ஆம் ஆண்டு 'மது நகரங்கள்' என்னும் பெயரில் ஊராட்சிகளின் சங்கம் ஒன்று அமைந்தது. 1993ஆம் ஆண்டு, மே மாதத்துக் கடைசி ஞாயிறன்று மதுக்கிடங்குகளின் கதவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் வழக்கம் தொடங்கியது. 'எங்கள் தோட்டத்தையும் கிடங்கையும் எங்கள் கைகளையும் நேரில் வந்து பாருங்கள்' என்று உழவர் அழைத்ததற்கு ஒப்பாகும் இது. அளவு பெருக்கியோர் தரத்தை நாடத் தொடங்கினர். அல்பான் குன்றுகளிலும் உழவர் சிலர் மால்வாசியா புந்தினாத்தா, பெல்லோனே முதலிய பழைய கொடிகளை மீண்டும் நட்டுப் பேணலாயினர்.

பயணி காண்பதும் காணாததும்

மரினோவுக்கு வரும் பயணியின் கண்ணை முதலில் ஈர்ப்பது ஊற்றே. 2008ஆம் ஆண்டு விழாவின்போது குழாய் இணைப்பு மாறிப்போனமையால் ஊற்றில் நீரும் சில வீடுகளின் குழாய்களில் மதுவும் வந்த செய்தி உலகம் முழுவதும் நகைப்புடன் பேசப்பட்டது. ஆயினும் கூட்ட நெரிசலில், காகிதக் குவளையில் ஏந்திய மது எந்தத் தோட்டத்தினது, எக்கொடியினது என்பதைப் பயணி அறிய இயலாது. ஊற்று விழாவின் அடையாளம் மட்டுமே.

உள்ளூர் மதுவை அறிய விரும்புவோர் ஊற்றை விட்டுச் சந்துகளுக்குள் நடத்தல் வேண்டும். அங்கே 'ஃபிராஸ்கெத்தா' எனப்படும் எளிய மதுமனைகள் உள்ளன. 'ஃபிராஸ்கா' என்றால் இலைக்கிளை. புதுமது ஆயத்தமாகிவிட்டது என்பதை அறிவிக்க, எழுத்தறியாதவரும் அறியுமாறு வாயிலில் இலைக்கிளை ஒன்றைத் தொங்கவிடுவது பழைய வழக்கம். உணவைத் தாமே கொண்டுவந்து, மதுவை மட்டும் அங்கே வாங்கி அருந்துவது பழைய மரபு. மதுவை வார்ப்பவர் பெரும்பாலும் கொடியை வளர்த்தவராகவே இருப்பார். எந்தச் சரிவில் விளைந்தது, எந்த ஆண்டு மழை கெடுத்தது என்பனவற்றை அவரே கூறக் கேட்கலாம். பிளினி நூலில் எழுதியதும் சட்டம் ஏட்டில் வகுத்ததும் அங்கே ஓர் உழவரின் வாய்ச்சொல்லாக வழங்கும்.

விழா உணர்த்தும் பாடம்

மரினோ விழா நூறாண்டு வயதுடையது. அதனைப் பழமை என்று பொய்யாகப் போற்ற வேண்டுவதில்லை. புதுமை என்று இகழவும் வேண்டுவதில்லை. சிப்ரெல்லி இல்லாத ஒன்றைக் கற்பனை செய்யவில்லை. மண்ணும் கொடியும் திருநாளும் போர்நினைவும் அங்கே முன்னரே இருந்தன. அவற்றைச் சேர்த்துக் கட்டியதே அவர் செய்தது. கட்டிய விழா நிலைத்தமைக்குக் காரணம், அதன் அடியில் உழைக்கும் ஊர் ஒன்று இருந்ததேயாகும். அவ்வுழைப்பில் நேர்மை குறைந்த காலத்தில் விழா ஆரவாரமாக நடந்தும் ஊர்ப்பெயர் மங்கிற்று. நேர்மை திரும்பிய இடத்தில் பெயரும் திரும்புகிறது.

எந்நாட்டு விழாவாயினும், ஆசிரியர் மாணவர்க்குக் கற்பிக்கையில் சில வினாக்களை முன்வைக்கலாம். இதனைத் தொடங்கியவர் யார்? எந்த ஆண்டில்? அவர் கையில் முன்னரே இருந்தவை எவை? இதில் எவருடைய வெற்றி பாடப்படுகிறது, எவருடைய துயரம் மறைக்கப்படுகிறது? இதனால் வாழ்வோர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேடும் மாணவன் விழாவைக் கண்டு மகிழ்வதோடு நில்லாமல், அதனைப் படிக்கவும் கற்றுக்கொள்வான். மரினோவில் விழா முடிந்த மறுநாள் ஊற்றில் மீண்டும் நீரே வருகிறது. உழவர் தம் கிடங்குகளுக்குத் திரும்பிப் புதுமது நொதிப்பதைக் கவனிக்கின்றனர். குளிர்காலம் வந்ததும் கத்தரிக்கோலுடன் கொடிகளைக் கவாத்து செய்யத் தோட்டங்களுக்குச் செல்கின்றனர். அடுத்த அக்டோபர் மாதத்து விழாவுக்குரிய முதல் வேலை அங்கேதான் தொடங்குகிறது.